கடலோர ஆலயத்து கீபோர்டும் ஒரு சின்ன எஃப்எம் பெட்டியும்: ஹார்டுவேரா சாஃப்ட்வேரா என்பதற்கான வேலைக் குறிப்பு

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து ஆலயப் பாடகர் குழுக்களின் கீபோர்டுகள் பழுதுக்கு வந்தால் குறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நடு ஆக்டேவில் நாலைந்து கீ பேசாது. இரண்டு மூன்று கீ மெல்லத் தொட்டாலே அலறும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இதையே சரி பண்ணவா, புதுசு வாங்கவா, இல்ல லேப்டாப்புல சாஃப்ட்வேர் போட்டு வாசிச்சா போதுமா?" அப்படி வந்த ஒரு 61 கீ கீபோர்டில் செய்த வேலைதான் இந்தப் பதிவு. முதலில் கீகள் சுத்தமாயின. பிறகு அதே கீபோர்டை லேப்டாப்போடு சேர்த்துத் தாமதம் அளக்கப்பட்டது. கடைசியாக ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் போர்டை வைத்து ஒரு எஃப்எம் பெட்டி கட்டப்பட்டது (ரேடியோ அல்ல; ஓர் அலையால் மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி உண்டாக்கும் முறைதான் இந்த எஃப்எம்).

எதில் ஒலி நன்றாக இருக்கும் என்று பார்த்து இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற எஃப்எம் சின்தசைசரின் ஆறு ஆபரேட்டர் (அலை உண்டாக்கும் அலகு), 32 அல்காரிதம் (அவற்றை இணைக்கும் முறை) முழுவதையும் டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருள் அப்படியே செய்கிறது. அனலாக் வகை ஒலிகளுக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. பாடகர் குழுவோடு, ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும்போது வித்தியாசம் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நம் மாவட்டத்தில் இதை முடிவு செய்வது மின்சாரம், உப்புக் காற்று, விரலுக்கும் ஒலிக்கும் இடையிலான தாமதம் ஆகிய மூன்றும்தான்.

முதலில் கீகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் வாசிக்க ஒரு நல்ல கீபோர்டு வேண்டும். அதனால் இந்த வேலை வீண்போகாது.

தொடு உணர்வுள்ள கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் இரண்டு கார்பன் தொடுமுனைகள் உண்டு. முதல் முனை மூடியதற்கும் இரண்டாவது மூடியதற்கும் இடையிலான நேரத்தை அளந்துதான் கீபோர்டு எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்று கணக்கிடுகிறது. நேரம் குறைந்தால் ஒலி பலம். முதல் முனையில் உப்பும் தூசியும் படிந்தால் அது தாமதமாக மூடும். இடைவெளி சுருங்கும். மெல்லத் தொட்டாலும் உச்ச அளவான 127 போகும். இரண்டாவது முனை மூடவே இல்லை என்றால் ஒலியே வராது. ஆக, அலறும் கீயும் ஊமைக் கீயும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

பிரிக்கும் முன் கணினியில் மிடியை (கருவிகள் தமக்குள் கீ எண்களை அனுப்பும் முறை) கண்காணிக்கும் மிடி-ஆக்ஸ் போன்ற மென்பொருளைத் திறந்து ஒவ்வொரு கீயையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என மூன்று முறை தட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நடு சி கீ ஒழுங்காக இருந்தால் 144 (கீ அழுந்தியது), 60 (கீயின் எண்), அதன் பிறகு விரலுக்கேற்ற ஓர் எண் வரும். பக்கத்துப் பக்கத்துக் கீகள் தவறினால் ரப்பர் பட்டையைச் சந்தேகப்படலாம். எட்டு எட்டாகத் தள்ளியுள்ள கீகள் தவறினாலோ வரிசையாக எட்டுக் கீகள் ஒன்றாகச் செத்திருந்தாலோ ரப்பரைத் தொட வேண்டாம். அது மேட்ரிக்ஸ் கோடு (பல கீகளுக்குப் பொதுவான இணைப்பு), ரிப்பன் கேபிள் அல்லது 1என்4148 டயோடின் கோளாறு. கடலோரத்துக் கருவிகளில் ரிப்பன் கனெக்டரின் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதை அடிக்கடி காணலாம். கழற்றி, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்து, காயவிட்டு மறுபடி செருகினாலே பாதிக் கருவிகள் உயிர்பெறும்.

அடிப்பக்கத் திருகுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. நீள்திருகைக் குட்டைத் துளையில் போட்டால் முன்பக்கப் பிளாஸ்டிக்கைத் துளைத்துவிடும். ஓர் அட்டையில் கீபோர்டின் வடிவத்தை வரைந்து, கழற்றும் திருகை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். கீ அமைப்பைத் தூக்கிக் கவிழ்த்தால் போர்டின் மேல் ரப்பர் பட்டைகள் தெரியும். பட்டையின் சிறு காம்புகளைப் போர்டின் துளைகளிலிருந்து மெல்ல இழுத்து விடுவியுங்கள். போர்டிலுள்ள கரிய கார்பன் பரப்பை ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். ரப்பரின் கரிய பொத்தானை வெள்ளைத் தாளில் மெல்ல இரண்டு முறை உரசினால் போதும். பென்சில் அழிப்பான், உப்புத்தாள், பெட்ரோல், தின்னர், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. அழிப்பான் கார்பனையே எடுத்துவிடும். ஸ்பிரேயின் எண்ணெய்ப் படலம் அடுத்த மழைக்காலத்தில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொத்தான் தேய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரு நேரான வழி உண்டு. எந்தக் கீபோர்டிலும் வலது ஓரத்துக் கடைசிக் கீகளை யாரும் அதிகம் வாசிப்பதில்லை. அந்தப் பொத்தானின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து, நடுக் கீயின் பொத்தானோடு ஒப்பிடுங்கள். பல மடங்கு கூடியிருந்தால் புதுப் பட்டை வேண்டும். கிடைக்காவிட்டால் ஓரத்துப் பட்டையை நடுவுக்கும் நடுப் பட்டையை ஓரத்துக்கும் மாற்றிப் போடலாம். காம்புகளின் அமைப்பும் கீகளின் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

திரும்பப் பொருத்தும்போது காம்பு முழுதாக இறங்காவிட்டால் பட்டை ஓரிடத்தில் உப்பிக்கொள்ளும். அந்த இடத்துக் கீ அழுந்தியே கிடக்கும், அல்லது இரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் பேசும். மழுங்கிய குச்சியால் ஒவ்வொரு காம்பையும் இறக்குங்கள். விரலால் கார்பனைத் தொட வேண்டாம்.

அடாப்டர்

இதில் கவனம் தவறினால் செய்த வேலையெல்லாம் போய்விடும். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ். ரோலண்டின் 9 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றில் நடு முனை நெகட்டிவ். துளையின் அளவு பொருந்துகிறதே என்று ஒன்றை எடுத்து மற்றொன்றில் செருகினால் பாதுகாப்பு டயோடு முதலில் போகும். சில நேரம் அதோடு நிற்காது. கருவியின் பின்னால் அச்சிட்டுள்ள குறியைப் பார்த்து, மீட்டர் வைத்து உறுதி செய்த பின்னரே செருகுங்கள்.

கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரில் வேறு சிக்கல். திருவிழாக் காலத்தில் தெருவெல்லாம் சீரியல் பல்பு எரியும்போது லைன் 230இலிருந்து 170க்கு இறங்கினால் அடாப்டரும் அதே விகிதத்தில் இறங்கி 12க்குப் பதில் 9 வோல்ட்டுக்குப் பக்கமாகத் தரும். பாட்டின் நடுவில் கீபோர்டு அணைந்து மறுபடி எரிவது இதனால்தான். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் அடாப்டருக்கு மாறினால் தீரும். அதன் ஆம்பியர் பழையதைவிடக் கூடலாம், குறையக் கூடாது.

லேப்டாப் வழி

சுத்தமான கீபோர்டை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் டெக்ஸ்டையும் சர்ஜையும் ஏற்றினால் ஒலி வந்துவிடும். ஆனால் விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவரில் வாசித்தால் கை ஓரிடத்தில், ஒலி ஓரிடத்தில் நிற்கும். ஏசியோ என்ற குறைந்த தாமத டிரைவரோடு வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே செருகும் ஒலிப் பெட்டி) வேண்டும். கணக்கு எளிது: பஃபர் அளவை (ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) மாதிரி வேகத்தால் (ஒரு நொடிக்கான மாதிரிகள்) வகுக்க வேண்டும். 48,000இல் 128 பஃபர் என்றால் 2.7 மில்லி செகண்ட். 512 என்றால் 10.7. இதன் மேல் டிரைவரின் மறைமுகப் பஃபர், யூஎஸ்பி, கன்வெர்ட்டர் எல்லாம் சேரும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் எடுக்கும். மானிட்டர் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலே 9 கூடிவிட்டது. சாஃப்ட்வேரைக் குறை சொல்லும் முன் ஸ்பீக்கரைப் பக்கத்தில் இழுத்து வையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

திரையில் காட்டும் தாமத எண்ணை நம்பாமல் அளந்து பார்க்கலாம். தனியாக ஓர் இரு சேனல் ரெக்கார்டர் எடுங்கள். ஒரு சேனலில் கீபோர்டின் உடம்பை ஒட்டி வைத்த மைக், மறு சேனலில் ஒலி வெளிவரும் கருவியின் (இங்கே ஆடியோ இன்டர்ஃபேஸின்) லைன் வெளியீடு. மணி, மரிம்பா போல உடனே எழும் ஒரு டோனை வைத்து ஒரே கீயைப் பலமுறை தட்டிப் பதியுங்கள். ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் விரல் தட்டிய 'டக்' ஒரு கோட்டிலும் ஒலி எழுந்த இடம் மறு கோட்டிலும் தெரியும். இடையிலுள்ள மாதிரிகளை எண்ணுங்கள். 48,000இல் 480 மாதிரி என்றால் 10 மில்லி செகண்ட். சராசரி அல்ல, வந்தவற்றில் மிகப் பெரிய எண்ணே முக்கியம். தாமதம் சீராக இருந்தால் கை பழகிவிடும். ஒருமுறை 6, மறுமுறை 15 என்று அலைந்தால் தாளம் உடையும்.

கரகரப்பு வந்தால் பஃபரைக் கூட்டும் முன் வைஃபையை அணையுங்கள், மின் திட்டத்தை முழுத் திறனுக்கு மாற்றுங்கள், லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு எந்த டிரைவர் இடையில் புகுகிறது என்று பாருங்கள். பெரிய சாம்பிள் தொகுப்புகளை எஸ்எஸ்டியில் வையுங்கள். தானியங்கி அப்டேட்டை நிகழ்ச்சிக்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஹம். லேப்டாப் சார்ஜரும் மிக்சரும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்தால் தரை வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் முனகலோ, யூஎஸ்பி வழியாக ஒரு கீச்சொலியோ கேட்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் காரணம் அதுவே. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது தீர்வல்ல, உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (தரையைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்தும் பெட்டி) வழியாக மிக்சருக்குப் போங்கள், எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து எடுங்கள்.

வீட்டு அறையில் பாட்டுக் கட்டுபவருக்கு இந்த வழிக்கு மேல் ஒன்றுமில்லை. ஒரே ஒலியை எத்தனை டிராக்கிலும் போடலாம், திரும்பத் திறந்தால் அமைப்பு அப்படியே இருக்கும், காசும் மிச்சம். ஆனால் டிசம்பரில் கேரல் வண்டியில் ஜெனரேட்டர் சத்தத்தோடும் பனியோடும் இரவெல்லாம் போகிற குழுவுக்கு லேப்டாப்பைப் பரிந்துரைக்க முடியாது.

பழைய ஹார்டுவேர் வாங்கலாமா

கடலோரத்தில் இருப்பவர்கள் எண்பதுகளின் கருவிகளை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். 1984இன் ரோலண்ட் ஜூனோ-106 நல்ல உதாரணம். ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஆறு குரலில் (ஸ்வரத்தில்) ஒன்று கரகரக்கும், அல்லது அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். குரல் சிப்புகளைப் பொதிந்த எபாக்சிப் பூச்சு நாள்பட்டு மின்கசிவை உண்டாக்குவதே காரணம். சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் பல நேரம் மீளும். ஆனால் அந்த வேலை எல்லாருக்கும் கைவராது. டிஎக்ஸ்7இலோ ஒலிகளைக் காக்கும் லித்தியம் பேட்டரி போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் சேமித்த டோன்கள் எல்லாம் போகும். மாற்றும் முன் டோன்களைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். 32 டோன் கொண்ட ஒரு பேங்க் 4104 பைட். கோப்பு அதைவிடச் சிறியதாக வந்தால் பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள். மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் பல இந்த நீண்ட செய்தியைத் தாங்காமல் நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும்.

நடுவழி: எஃப்எம் பெட்டி

அந்த 4104 பைட் கோப்புதான் இந்த வேலையின் சாவி. டெக்ஸ்டில் செதுக்கிய டோன் கோப்பை மினிடெக்ஸ்டு என்ற இலவச மென்பொருள் அப்படியே படிக்கும். மினிடெக்ஸ்டு ராஸ்பெர்ரி பையில் இயங்குதளம் எதுவும் இல்லாமல் நேரடியாக ஓடுகிறது. சில நொடிகளில் தயாராகும், அப்டேட் கேட்காது, மின்சாரம் போனால் திரும்ப வந்ததும் எழுந்துகொள்ளும். எதையும் சேமித்துக்கொண்டிருக்கும் நேரம் தவிர, பிளக்கைப் பிடுங்கினால் கார்டு கெடாது. பை 3இலும் 4இலும் எட்டு டோன் ஜெனரேட்டர்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஒவ்வொன்றும் ஒரு டிஎக்ஸ்7க்குச் சமம்.

தேவை: ராஸ்பெர்ரி பை 3, 5.1 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர், எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்த மைக்ரோ எஸ்டி கார்டு, பிசிஎம்5102ஏ டிஏசி (எண்களை ஒலி சிக்னலாக்கும்) போர்டு, டோன் பெயர் காட்ட 16க்கு 2 எல்சிடி, அதைத் தேர்ந்தெடுக்கத் திருகும் கேஒய்-040 என்கோடர். ஐந்து பின் மிடி சாக்கெட் வேண்டுமானால் கூடவே எச்11எல்1 ஆப்டோ ஐசொலேட்டர், 220 ஓம் ஒன்று, 470 ஓம் ஒன்று, 1என்4148 ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று.

பையின் சொந்த ஹெட்ஃபோன் சாக்கெட்டில் இரைச்சல் அதிகம். சோதனைக்கு மட்டும் அது போதும். டிஏசியை இப்படி இணையுங்கள்: 5 வோல்ட் பையின் 2ஆம் பின்னுக்கு, தரை 6க்கு, பிட் கிளாக் 12க்கு, இடவலக் கிளாக் 35க்கு, தரவு 40க்கு. போர்டில் எஸ்சிகே என்று எழுதிய முனை தரையோடு சேர வேண்டும். அந்தரத்தில் விட்டால் இரைச்சல் வரும், அல்லது ஒன்றுமே வராது. போர்டின் பின்பக்கம் நான்கு ஈயப் பாலங்கள் உண்டு: 1, 2, 4 தாழ்நிலையிலும் 3 உயர்நிலையிலும் இருக்க வேண்டும். மூன்றாவது மியூட் முனை. பல போர்டுகளில் இந்தப் பாலங்கள் வெறுமையாகவே வருகின்றன. எல்லாம் சரியாக இணைத்தும் பெட்டி ஊமையாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிறகு அமைப்புக் கோப்பில் ஒலிக் கருவி வரியை 'பிடபிள்யூஎம்' என்பதிலிருந்து 'ஐ2எஸ்' ஆக மாற்றுங்கள்.

மிடி உள்வரவில் சாக்கெட்டின் 4ஆம் பின் 220 ஓம் வழியாக எச்11எல்1இன் 1ஆம் காலுக்கும், 5ஆம் பின் நேராக 2ஆம் காலுக்கும் போகும். 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே டயோடு; அதன் கோடு போட்ட முனை 1ஆம் கால் பக்கம். 6ஆம் கால் பையின் 3.3 வோல்ட்டுக்கு, அதாவது 1ஆம் பின்னுக்கு. 5ஆம் கால் தரைக்கு. 4ஆம் கால் பையின் 10ஆம் பின்னுக்கு. 4க்கும் 6க்கும் நடுவே 470 ஓம், 6க்கும் 5க்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட். இங்கே 5 வோல்ட் கொடுத்தால் பையின் உள்வரவு கருகும். சாக்கெட்டின் பின் வரிசை 1, 4, 2, 5, 3. முன்பக்கம் பார்த்து எண்ணிவிட்டுப் பின்பக்கம் ஈயம் வைத்தால் 4ம் 5ம் இடம் மாறிவிடும். டயோடு இருப்பதால் எதுவும் எரியாது, மிடி மட்டும் வராது. இரண்டு கம்பியையும் மாற்றி ஒட்டினால் தீர்ந்தது.

அமைப்புக் கோப்பில் சங்க் அளவு (பஃபர் போன்றது) 256. குறைத்தால் தாமதம் குறையும். எட்டு ஜெனரேட்டரையும் போட்டு இரண்டு கையாலும் அழுத்தும்போது வெடிப்பொலி கேட்டால் பழையபடி கூட்டுங்கள். மேலே சொன்ன மைக் அளவையை இதற்கும் செய்யுங்கள். பெட்டியைப் பவர் பேங்கில் ஓட்டினால் மின்வெட்டுக்கும் பயமில்லை, தரை வளையமும் அறுந்து ஹம் போய்விடும். கேபிள் மெல்லியதாக இருந்தால் வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கி பை தடுமாறும். குட்டையான தடித்த கேபிளே நல்லது.

வாசிக்கும்போது வருபவை

பாடுபவர் ஐந்தரைக் கட்டை என்றால் சியிலிருந்து எட்டு அரைச்சுருதி ஏற்ற வேண்டும், அல்லது நான்கு இறக்க வேண்டும். பல கீபோர்டுகள் டிரான்ஸ்போஸ் செய்த எண்ணையே மிடியில் அனுப்புகின்றன. பெட்டியிலும் ஏற்றினால் இரட்டிப்பாகும். ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். கீயை அழுத்தியபடியே டிரான்ஸ்போஸ் மாற்றினால் அந்த ஸ்வரம் அடங்காமல் நின்றுவிடும்; மிடி கன்ட்ரோல் எண் 123 (எல்லா ஸ்வரமும் நிறுத்து) அனுப்பினால் அடங்கும். கீபோர்டின் சொந்த ஒலியும் சேர்ந்து கேட்டால் அதன் அமைப்பில் 'லோக்கல்' (கீயைச் சொந்த ஒலியோடு இணைப்பது) என்பதை அணையுங்கள்.

கமகத்துக்குப் பிட்ச் வீல் நம்பகமாக இருக்க வேண்டும். மிடியில் சுருதி வளைவுக்கு 16,384 படிகள் உண்டு, நடு 8192. மலிவான கீபோர்டுகள் சிலவற்றில் 128 படிகளே போகும். வளைவு எல்லை இருபுறமும் இரண்டு அரைச்சுருதி என்றால் ஒரு படி 3 சென்ட்தான் (ஓர் அரைச்சுருதி 100 சென்ட்), காது பொறுக்கும். எல்லையைப் பன்னிரண்டாக்கினால் ஒரு படி 19 சென்ட்டுக்குப் பக்கம். இழைய வேண்டிய இடம் ஏணிப்படியாகக் கேட்கும்.

எஃப்எம் எல்லாவற்றையும் தராது. எலக்ட்ரிக் பியானோ, மணி, ஆர்கன், பாஸ் அருமை. வயலின் குழு, நாதஸ்வரம், தபேலா என்றால் பதிவு செய்த ஒலியுள்ள கருவியே வேண்டும். அதனால் இந்தக் குழுவுக்குப் பரிந்துரைத்த அமைப்பு: சுத்தம் செய்த பழைய கீபோர்டின் தந்திவாத்தியங்களும் தாளமும் அப்படியே இருக்கட்டும், பியானோ, ஆர்கன், மணிக்குப் பெட்டி, டோன் செதுக்கவும் பாட்டைப் பதியவும் மட்டும் வீட்டில் லேப்டாப். ஆக்டோபேட் வாசிப்பவர் மிடி வழியாக லேப்டாப் டிரம்ஸ் கேட்டால் வீட்டுப் பதிவுக்குக் கொடுக்கலாம்; மேடையில் பேடின் சொந்த ஒலியே போதும். புதிதாக வாங்க முடிகிற குழு, இந்திய வாத்திய ஒலிகளோடு வரும் ஒரு ஹார்டுவேர் கீபோர்டை வாங்கிக்கொண்டால் பெட்டி இல்லாமலும் நடக்கும்.

ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கீபோர்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணியால் மூடி, சிலிகா ஜெல் பையை உள்ளே வைத்து, ஜெல்லின் நிறம் மாறினால் அதைச் சூடாக்கி உலர்த்துங்கள். இடி கேட்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது: பிளக்கையும் மிக்சருக்குப் போகும் ஆடியோ கேபிளையும் கழற்றுங்கள். பெட்டியை மூடும் முன் அதே கோப்புகள் ஏற்றிய இரண்டாவது எஸ்டி கார்டு ஒன்றை உள்மூடியில் ஒட்டி வையுங்கள். எந்தத் தேதியில் ஏற்றியது என்று அதன் மேல் எழுதுங்கள். டோன் மாற்றும்போதெல்லாம் இரண்டு கார்டிலும் மாற்ற வேண்டும்.